கடைசி வரியில் ஒரு பெயர்

அத்தியாயம் ஒன்பது

பழைய சைக்ளோஸ்டைல் பெட்டியை எடுத்துப் போகிறவர்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் எட்டு மணிக்கே அதைத் துடைத்து வைத்துவிட்டேன். மரச் சட்டத்தின் மூலையில் உறைந்திருந்த மையைக் கத்தியால் சுரண்டினேன். போகிற பெட்டியை எதற்குச் சுரண்ட வேண்டும் என்று தோன்றியது. சுரண்டி முடித்தேன்.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு அந்தப் பெட்டி தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் கணவர் இராமலிங்கம் பதினொரு வருஷம் எங்கள் காஜா பெராங் மரண சகாயச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் யார் இறந்தாலும் அன்றைக்கே நூற்றைம்பது நோட்டீஸ் அடித்து மலாக்கா முழுவதும் அனுப்புவது அவர் பொறுப்பு. அடிக்கிற பெட்டி எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தது. நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருஷம் ஐப்பசியில், காலையில் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருடைய நோட்டீசையும் அதே பெட்டியில்தான் அடித்தார்கள்.

அதன் கடைசி வரியில், 'இப்படிக்கு, இராமலிங்கம், செயலாளர்' என்று இருந்தது. இறந்தவரே தம் சாவுக்கு எல்லாரையும் அழைத்திருந்தார்.

எழுத்தும் பதினொரு வருஷமாக ஊர் பார்த்துப் பழகிய எழுத்து. ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், தேதியையும் நேரத்தையும் மட்டும் வேறு யாரோ நிரப்பியிருக்கிறார்கள் என்று. சில வீடுகளில் அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள்.

எழுதியது நான். பதினொரு வருஷமும் நான்தான் எழுதினேன்.

அவருக்குக் கை கனம். மெழுகுத் தாளில் எழுத்தாணியை வைத்தால் கிழித்துவிடுவார். பொறுப்பேற்ற முதல் வாரம் மூன்று தாளைக் கிழித்துவிட்டு, "பாக்கியம், நீ ஒரு தடவை எழுதிப் பாரேன்" என்றார். எழுதினேன், வந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. "எழுத்து அச்சு மாதிரி இருக்கே, செயலாளரே" என்று யாராவது சொன்னால், "ஏதோ வருது" என்று சொல்லிவிட்டுத் தன் கால் விரலைப் பார்ப்பார். எனக்கு அதில் குறை இருந்ததில்லை. அவருக்கும் எனக்கும் எங்கள் மகள் பத்மினிக்கும் தெரியும். அது போதுமாக இருந்தது.

அன்று அவரை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து எழுதினேன். வழக்கமாக எழுதுகிறதைக் கை எழுதி முடித்தது, கடைசி வரியையும் சேர்த்து. பத்மினி தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெட்டியை வெளியே தூக்கிப் போய் அடித்தவர்கள் யாரும் கடைசி வரி வரை படிக்கவில்லை. என்றைக்கும் மாறாத வரியை யார் படிப்பார்கள்.

இவ்வளவுதான் முன்கதை.

"அம்மா, இன்னிக்காவது சொல்லிடுங்க" என்றாள் பத்மினி. பதினேழு வயது அவளுக்கு. கையில் துடைப்பத்தோடு நின்றாள்.

"என்னத்த?"

"எழுதுனது நீங்கன்னு. சொன்னா தலைவர் மாமா உங்களையே எழுதச் சொல்வார். இன்னிக்கு வர்ற புது மெஷின் இங்கேயே இருக்கும். சொல்லாட்டி புக்கிட் பாருவுக்கு, அவர் வீட்டுக்குப் போயிடும்."

"போகட்டும்."

"போனா நீங்க நாள் பூரா என்ன செய்வீங்க? சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க."

அது உண்மை. அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் சங்கத்தில் இரண்டு சாவு. 'அப்பா எழுதி வச்ச மெழுகுத் தாள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, பேரை மட்டும் நிரப்பிக்கிறோம்' என்று பத்மினி சொல்லிச் சமாளித்தாள். இரண்டையும் நான் எழுதினேன். கடைசி வரியில் 'சங்கத்தார்' என்று அவள் பக்கத்தில் நின்று எழுத வைத்தாள். எழுத்தாணி கையில் இருந்த அந்த இரண்டு மத்தியானங்கள்தான் எனக்கு நினைவிருக்கின்றன. மற்ற நாட்களில் சமைத்தேனா, குளித்தேனா என்பதெல்லாம் பத்மினி சொன்னால்தான் தெரியும்.

"உன் சித்தப்பா சட்டைப் பையில என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்" என்றேன்.

அவள் பெருக்க ஆரம்பித்தாள்.

தேவதாஸ் என் கணவரின் ஒரே தம்பி. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். இரண்டரை வருஷத்துக்கு முன், பக்கத்துச் சிற்றூரில், கம்பத்துச் செட்டிக் குடும்பத்தில் மீனாச்சியைக் கட்டிக்கொண்டான். அவர்கள் கும்பிடுவதும் நம் சாமியைத்தான். ஆனால் பல தலைமுறையாக மலாய்தான் பேசுகிறார்கள். 'தமிழில் ஒரு வார்த்தை பேசத் தெரியாத பெண்' என்று என் கணவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. என்னையும் போக விடவில்லை. அதற்கப்புறம் அண்ணனும் தம்பியும் ஒரே பாசாரில் மீன் வாங்கினார்கள், ஒரே கோயிலில் நின்றார்கள், பேசிக்கொள்ளவில்லை.

அவர் நோட்டீசில், வழக்கம்போல, துக்கத்தில் இருப்பவர்கள் என்று எங்கள் பெயர்கள் இருந்தன. மனைவி பாக்கியலட்சுமி, மகள் பத்மினி, தம்பி தேவதாஸ்.

இறந்தவருக்குத் தம்பி இருந்தால் பெயர் போட வேண்டும். பதினொரு வருஷமாக எல்லாருக்கும் அப்படித்தான் போட்டேன். அன்று வேறெதுவும் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

தேவதாஸ் அந்தத் தாளை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் தன்னை மன்னித்துத் தன் கையால் பெயர் எழுதிவிட்டுப் போனார் என்று அவனுக்கு அது சாட்சி.

பத்து மணிக்கு வேன் வந்தது. மெஷின் கம்பெனிச் சீனர் இறங்கினார். சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் அண்ணன் முன்சீட்டிலிருந்து இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தேவதாசும் மீனாச்சியும் நடந்தே வந்தார்கள். அவள் கையில் தூக்குச்சட்டி.

"காக்கா, மக்கான்" என்று என்னிடம் நீட்டினாள். மலாயில் அக்காவுக்குக் காக்கா, சாப்பாட்டுக்கு மக்கான்.

"இந்த ஊர்லதான் காக்காய்க்குச் சோறு வைக்காம, காக்காவே சோறு வாங்குது" என்றார் கலியாணசுந்தரம் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. தேவதாஸ் மட்டும் மனைவிக்கு மலாயில் விளக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவளைக் கேலி பண்ணாதீங்க, தலைவரே. தமிழ்ல ரெண்டு சொல்லு படிப்பா இப்ப. என் பேரு, அண்ணன் பேரு. எல்லாம் அண்ணன் எழுத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

பத்மினி என்னைப் பார்த்தாள். நான் தூக்குச்சட்டியை உள்ளே கொண்டு போனேன்.

புது மெஷினை மேசைமேல் வைத்தார்கள். மறுநாள்தான் அது புக்கிட் பாருவுக்குப் போகிறது. சாம்பல் நிறம், பெரிய உருளை, பக்கத்தில் கைப்பிடி. சீனர் மாதிரிக்கு ஒரு தாளை மாட்டிச் சுற்றிக் காட்டினார். சுற்றச் சுற்ற அந்தப் பக்கம் தாள் வந்து விழுந்தது. பழைய பெட்டியில் சட்டத்தைத் தூக்கி, தாளை வைத்து, இறக்கி, ரோலரை உருட்டி, மறுபடி தூக்கி ஒரு தாள் எடுப்பதற்குள் இது பத்துத் தாளைத் தள்ளியது. யாரும் தாளைக் கையால் தொடவே வேண்டியதில்லை.

"தமிழ் டைப்ரைட்டர் மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வருது. அடுத்த மாசம் கையில கிடைச்சிடும். இனி எழுதுற தொல்லையே இல்ல" என்றார் கலியாணசுந்தரம் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதவும் இனி யார் இருக்கா. அந்தக் கை போயிடுச்சு."

நான் கதவோரம் நின்று, என் கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

பழைய பெட்டியைச் சீனரும் தேவதாசும் தூக்கி வேனில் ஏற்றினார்கள். புதுசுக்கு மாற்றாக அதைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. அதன் நாலு கால்களும் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை நாலு சதுரமாக வெளுத்திருந்தது. பத்மினி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சதுரங்களைத் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேன் முனை திரும்பிப் போய்க் கால் மணி இருக்கும். வாசலில் சைக்கிள் வந்து நின்றது. பத்து பெரெண்டாம் என்கிற ஊரிலிருந்து ஜெயபாலன். அவர் தகப்பனார் பொன்னுதுரை சங்கத்தின் பழைய உறுப்பினர்.

"விடியக்காலையில அப்பா போயிட்டாரு, தலைவரே" என்றார். சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார். "நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறோம்."

கலியாணசுந்தரம் அண்ணன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். உறவுப் பெயர்களை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். "மூணு மணிக்கு வாங்க. நோட்டீஸ் கட்டி வச்சிருப்போம்" என்று அனுப்பினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. பழைய மெழுகுத் தாள் புது உருளையில் மாட்டாது. புதுத் தாள் மாதிரிக்கென்று சீனர் வைத்துவிட்டுப் போனது மூன்றே மூன்று. டைப்ரைட்டர் கடலில் இருந்தது.

"கையாலதான் எழுதணும். எனக்கு விரல் நடுங்கும். தேவதாஸ், நீ எழுது. அண்ணன் கை உனக்கு வரும்."

தேவதாசுக்கு முகம் மலர்ந்தது. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து நோட்டீசை எதிரே வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து எழுதினான். இரண்டாவது வரியில் மெழுகுத் தாள் கிழிந்தது. அடுத்ததை எடுத்தான். இன்னும் மெதுவாக எழுதினான். பொன்னுதுரையின் பெயரிலேயே கிழிந்தது. அவனுக்கும் அண்ணனின் கனம்தான் கையில். அதைச் சொல்ல முடியாது.

"வேணாம், தலைவரே" என்றான். நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "இது எனக்கு வராது. அண்ணனோட போச்சு."

ஒரு தாள் மிச்சம் இருந்தது.

பத்மினி என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து நின்றாள். நான் பேசாமலிருந்தால் அவள் பேசிவிடுவாள் என்று தெரிந்தது.

"நான் எழுதிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

கலியாணசுந்தரம் அண்ணன் திரும்பினார். "உங்களுக்குப் பழக்கம் உண்டா, தங்கச்சி?"

"அவர் எழுதுறதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்."

பத்மினி விடுவிடென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். சொரசொரப்பான தகட்டை அடியில் வைத்து, மெழுகுத் தாளை விரித்து, எழுத்தாணியை எடுத்தேன். நான்கு மாதத்தில் இது மூன்றாவது முறை. ஆனால் இந்த முறை என் எழுத்தை எழுதக் கூடாது. தேவதாஸ் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

பத்மினி சின்ன வகுப்பில் எழுதிய எழுத்தை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடப்பக்கம் சாய்ந்து, கொம்பு பெரிதாக, சுழி சிறியதாக. அதைப் போல எழுதினேன். உருண்டு வர வேண்டிய இடத்தில் கோணலாக இழுத்தேன். வரி மேலும் கீழும் ஏற விட்டேன். ஒரு நோட்டீசை இவ்வளவு கவனமாக நான் எழுதியதில்லை. மரண அறிவிப்பு. பொன்னுதுரை அவர்கள். வயது எழுபத்தொன்று. மனைவியின் பெயர், மகன் ஜெயபாலன், மருமகள், பேரப் பிள்ளைகள். இடம், நேரம்.

"பரவாயில்லையே" என்றான் தேவதாஸ் பின்னாலிருந்து. "படிக்கிற மாதிரி இருக்கு, அண்ணி. அண்ணன் எழுத்து மாதிரி வராது. ஆனா படிக்கலாம்."

"ம்."

அவன் நகர்ந்துபோய் மெஷினில் தாள் அடுக்க ஆரம்பித்தான். என்னைக் கவனிக்க யாரும் இல்லை. பெரிய வேலை முடிந்துவிட்டது. தோள் தளர்ந்தது. மீதி எழுதி முடித்து, தாளை இரண்டு கையாலும் தூக்கிக் கலியாணசுந்தரம் அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். தாள்கள் சரசரவென்று விழுந்தன. புது மெஷினின் வேகத்தில் அவருக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். துக்க வீட்டுக் காரியம் என்று நினைவு வந்து உதட்டை மடித்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் நூற்றைம்பதும் முடிந்துவிட்டது. பழைய பெட்டியில் ஒவ்வொரு தாளையும் தூக்கி முகத்துக்கு நேரே பார்த்துத்தான் வைப்போம். இதில் அதற்கு இடமே இல்லை.

மீனாச்சி தாள்களை வாங்கி, மேசையில் தட்டி விளிம்பு சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள் என்பதால் அவள்தான் நிதானமாகப் பார்த்தாள். ஒரு தாளைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். தனக்குத் தெரிந்த ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு தேவதாசிடம் நீட்டி, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"அண்ணன் நாமா" என்றாள். அண்ணன் பெயர்.

தேவதாஸ் வாங்கிப் பார்த்தான்.

'இப்படிக்கு, இராமலிங்கம், செயலாளர்.'

மற்ற வரிகளெல்லாம் கோணலாக, சாய்ந்து கிடந்தன. அந்த ஒரு வரி மட்டும் நேராக, உருண்டையாக, அச்சு மாதிரி இருந்தது.

கலியாணசுந்தரம் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, பழைய நோட்டீசைப் பார்த்து எழுதினதுல அப்படியே வந்துடுச்சு போல. பாவம், தங்கச்சி" என்றார். நல்ல மனுஷர். நான் நழுவிப் போக ஒரு வழி காட்டினார்.

தேவதாஸ் மேசையைப் பார்த்தான். மேசையில் பார்த்து எழுத எதுவும் இல்லை. இருந்த ஒரே நோட்டீஸ் அவன் பையில் இருந்தது.

நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே உட்கார்ந்தான்.

"வேற தாள் இல்ல" என்றார் கலியாணசுந்தரம் அண்ணன். "மூணு மணிக்கு ஜெயபாலன் வந்துடுவாரு. கடைசி வரியை மட்டும் எல்லாத்துலயும் பேனாவால அடிச்சிடலாம். ஆளுக்குக் கொஞ்சம் எடுப்போம்."

ஒரு கட்டைத் தேவதாஸ் பக்கம் தள்ளி, தன் பேனாவைக் கொடுத்தார். அவன் மூடியைக் கழற்றினான். அண்ணன் பெயருக்கு மேல் பேனாவைக் கொண்டுபோனான். வைக்கவில்லை. மூடியைத் திரும்ப மாட்டினான்.

நான் கட்டு முழுவதையும் என் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவை வாங்கினேன்.

அடித்தேன். ஒரு கோடு, அடுத்த தாள். இராமலிங்கம், ஒரு கோடு. இராமலிங்கம், ஒரு கோடு. மீனாச்சி அடித்த தாளை எடுத்து வைத்தாள், அடுத்ததை நகர்த்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. தான் ஏதோ செய்துவிட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பத்மினி சமையலறை வாசலில் வந்து நின்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோடு நேராக விழுகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

பாதிக்கு மேல் ஆகியிருக்கும். தேவதாஸ் மெல்லக் கேட்டான். "அண்ணி, என் பேரைப் போடச் சொல்லி அவர் எப்பவாவது சொன்னாரா?"

"சொல்லல, தம்பி" என்றேன். அடுத்த தாளை அடித்தேன்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடப் பேசலையா, என்னைப் பத்தி?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கலியாணசுந்தரம் அண்ணன் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நூற்றைம்பதாவது தாளை மீனாச்சி எடுத்து வைத்தாள். மேசை காலியாயிற்று.

தேவதாஸ் சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் காகிதத்தை எடுத்தான். பிரித்தான். நான்கு மாதமாக மடித்து மடித்துத் துணிபோல ஆகியிருந்த அந்தத் தாளை என் முன்னால் விரித்து வைத்து, விளிம்பைத் தடவி நேராக்கினான்.

"இதையும் அடிச்சிடுங்க, அண்ணி" என்றான். "தப்பா விழுந்த வரிதானே."

பேனா என் கையில்தான் இருந்தது. கடைசி வரிக்கு மேல் கொண்டுபோனேன். அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, என் சொந்த எழுத்தில், தம்பி தேவதாஸ்.

நூற்றைம்பது தடவை போன கை, அங்கே நகரவில்லை. பேனா முனையில் மை திரண்டுகொண்டிருந்தது.